முத்துப் படகு கடலா, கரையா? வளைகுடாவில் பிரிட்டிஷ் அதிகாரிகளும் அடிமை வணிகமும்

நெய்தல்:

1820 ஜனவரியில் பாரசீக வளைகுடாவின் அரபுக் கரையிலுள்ள ராஸ் அல் கைமாவில் கையெழுத்தான பொது அமைதி உடன்படிக்கையை அண்மையில் முழுமையாகப் படித்தேன். பதினொரு பிரிவுகளே கொண்ட சிறிய ஆவணம். முந்தைய நவம்பரில் பம்பாயிலிருந்து புறப்பட்ட மேஜர் ஜெனரல் வில்லியம் கிராண்ட் கியரின் படை, அங்கிருந்த கடலோடிக் குலத்தவரான காசிமிகளின் கோட்டைகளையும் கலங்களையும் அழித்த பின்னர், அக்கரையின் ஷேக்குகள் ஒவ்வொருவராக வந்து ஒப்பமிட்டது அது. கடற்கொள்ளையை நிறுத்துவதும், கலங்களுக்குக் கொடியும் பதிவுச் சீட்டும் தருவதுமே அதன் பெரும்பகுதி. இடையில், எதிர்பாராத இடத்தில் ஒன்பதாம் பிரிவு வருகிறது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ ஆண், பெண், குழந்தைகளை அடிமைகளாகக் கவர்ந்து கலங்களில் ஏற்றிச் செல்வது கொள்ளையும் கடற்கொள்ளையும் ஆகும் என்றும், நட்புறவு கொண்ட அரபிகள் அத்தகைய எதையும் செய்யலாகாது என்றும் அது கூறுகிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் குடிகள் நடத்தும் அடிமை வணிகத்தைக் கடற்கொள்ளை என்று சட்டமாக்கியது 1824-இல்தான் என்பதை நினைத்தால் இப்பிரிவின் துணிவு புரியும்.

இதை எழுதிச் சேர்த்தவர் படையுடன் மொழிபெயர்ப்பாளராகச் சென்ற கேப்டன் பெரொனே தாம்ப்சன். அவர் 1808 முதல் 1810 வரை சியரா லியோனின் ஆளுநராக இருந்தவர். அங்கே கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்கர்களைத் 'தொழில் பழகுவோர்' என்ற பெயரில் குடியேறிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் இருந்தது. அதுவும் அடிமை முறைதான் என்று வெளிப்படையாக எழுதியதால் திரும்ப அழைக்கப்பட்டார்.

ஆனால் பம்பாய் அரசாங்கம் பின்னர் இப்பிரிவுக்குத் தந்த விளக்கம் வேறு. தடை செய்யப்பட்டது 'கவர்ந்து செல்வது' மட்டுமே. காசு கொடுத்து வாங்கிய அடிமையை ஏற்றி வருவது கொள்ளையாகாது என்று முடிவு செய்தார்கள். கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான ஸன்ஸிபாரின் சந்தையில் விலை கொடுத்து வாங்கியதாகச் சொல்லும் நகுதாவை, அதாவது கலத்தின் தலைவனை, எந்தப் போர்க்கப்பலும் தொடவில்லை. அதே கரையில், பின்னாளில் போர்நிறுத்த நாடுகள் எனப்பட்ட ஷேக்கு ஆட்சிகளில் (இன்றைய ஐக்கிய அரபு அமீரகம்), அடிமை முறை ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது 1963-இல். கையெழுத்துக்கும் அறிவிப்புக்கும் இடையில் 143 ஆண்டுகள். இத்தனை காலம் அங்கிருந்த பிரிட்டிஷ் அரசியல் பிரதிநிதிகளான ரெசிடெண்டுகளும் அவர்களுடைய கப்பல்களும் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள்? படித்தவர்கள் எழுதுங்கள்.

மேலைக்காற்று:

நல்ல இழை. முதலில் நிர்வாக அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் இந்த 143 ஆண்டுகளைப் புரிந்துகொள்ள முடியாது.

வளைகுடாவின் அரசியல் ரெசிடெண்ட் இருந்தது அரபுக் கரையில் அல்ல. எதிரே பாரசீகக் கரையிலுள்ள பூஷஹரில். கிழக்கிந்தியக் கம்பெனி 1763-இல் அங்கே பண்டகசாலை வைத்ததிலிருந்து வந்த ஏற்பாடு அது. 1873 வரை அவர் பம்பாய் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவர், பிறகு இந்திய அரசாங்கத்துக்கு. ரெசிடென்ஸி பஹ்ரைனுக்கு மாறியது 1946-இல். கிஷ்ம் தீவின் மேற்கு முனையிலுள்ள பாசிதூவில் நின்ற சிறு கப்பற்படைப் பிரிவு அவருடைய கை. ஷார்ஜாவில் இருந்த முகவர் அவருடைய கண். அந்த முகவர் ஆங்கிலேயர் அல்லர்; உள்ளூர் மொழியும் வழக்கமும் அறிந்த முஸ்லிம் வணிகர்.

ஒன்பதாம் பிரிவு உயிரிழந்த பிறகு, அதன் இடத்தை ஒரே அடியில் நிரப்பும் புதிய உடன்படிக்கை எதுவும் வரவில்லை. கோடுகளாக வந்தன. 1822-இல் மொரீஷியஸிலிருந்து வந்த கேப்டன் ஃபேர்ஃபாக்ஸ் மோர்ஸ்பி, மஸ்கட்டையும் ஸன்ஸிபாரையும் ஆண்ட ஸய்யித் ஸயீதுடன் செய்த உடன்பாடு கிறித்தவர்களுக்கு அடிமைகளை விற்பதை மட்டும் தடுத்தது. அதற்காக கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் டெல்காடோ முனையிலிருந்து ஸொகோத்ரா தீவுக்குக் கிழக்கே அறுபது மைல் தள்ளிச் சென்று குஜராத்தின் டையூ முனைவரை கடலில் ஒரு கற்பனைக் கோடு இழுத்தார்கள். கோட்டுக்குக் கிழக்கே அடிமைகளுடன் அகப்பட்டால் பறிமுதல். மேற்கே அகப்பட்டால் 'சென்று வாருங்கள்'. மொரீஷியஸின் கரும்புத் தோட்டங்களுக்கும் இந்தியாவுக்கும் அடிமைகள் போகக் கூடாது. அரபு நாட்டுக்குப் போகலாம் என்பதே அதன் நடைமுறைப் பொருள். 1839-இல் போர்நிறுத்தக் கரையின் ஷேக்குகள் ஒப்பமிட்டபோது கோட்டின் வடமுனை பலூச்சிஸ்தானின் மக்ரான் கரையிலுள்ள பஸ்னிக்கு நகர்ந்தது; சோமாலிகள் பிறவியிலேயே சுதந்திரமான முஸ்லிம்கள் என்பதால் அவர்களை விற்பது கடற்கொள்ளை என்ற விதியும் சேர்ந்தது.

1845-இல் ஸன்ஸிபாரின் கான்ஸல் ஹேமர்ட்டன் ஸய்யித் ஸயீதிடம் பெற்ற உடன்பாடுதான் முதன்முறையாக ஆப்பிரிக்காவிலிருந்து அரபு நாட்டுக்கு அடிமைகளை ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. அது 1847 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் போர்நிறுத்தக் கரையின் ஷேக்குகளும் பஹ்ரைனும் தங்கள் கலங்களில் ஆப்பிரிக்க அடிமைகளை ஏற்றுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். உஸ்மானிய சுல்தானின் ஆணை 1847, பாரசீக ஷாவின் ஆணை 1848. ஷா முஹம்மது, மார்க்கம் அனுமதித்ததைத் தடுக்க முடியாது என்று நெடுநாள் மறுத்தவர். இறுதியில் இணங்கியபோதும் கடல்வழியாகக் கொண்டுவருவதை மட்டும் தடுத்தார். தரைவழியைப் பற்றி ஆணை வாய் திறக்கவில்லை.

எல்லா ஆவணங்களுக்கும் பொதுவானது ஒன்று. 'கடல்' என்ற சொல் வராத தடை எதுவும் இல்லை. கரையேறிய மனிதரை யாரும் கேட்கவில்லை.

வழிப்போக்கன்:

இதற்கு ஏன் இத்தனை பத்திகள்? இந்தியாவுக்குச் செல்லும் கடல்வழியில் வேறு வல்லரசு கால் வைக்கக் கூடாது. அதற்கு ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டது. 1903 நவம்பரில் கர்ஸன் பிரபு ஷார்ஜாவுக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலில் ஷேக்குகளை அமரவைத்து ஆற்றிய உரையைப் படியுங்கள். நாங்கள் வந்தபோது சச்சரவைக் கண்டோம், ஒழுங்கைப் படைத்தோம் என்கிறார். பிரிட்டிஷ் செல்வாக்கே மேலோங்கி இருக்க வேண்டும் என்று முடிக்கிறார். தேடுவதற்கான உரிமை என்பது பிறருடைய கலத்தில் ஏறும் உரிமை. அடிமை வணிகம் அதற்கான ஏணி.

பழஞ்சுவடி:

வழிப்போக்கன் அவர்கள் எழுதியதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு விடை சொல்லியாக வேண்டும்.

அரசியல் நலன் இருந்தது உண்மை. ஆனால் நலனுக்கு எதிராகவும் சிலர் நடந்திருக்கிறார்கள். கிறிஸ்டோபர் ரிக்பி 1858-இல் ஸன்ஸிபாரின் கான்ஸலாக வந்தபோது, அங்கிருந்த இந்திய வணிகர்களிடமே ஆயிரக்கணக்கான அடிமைகள் இருந்தார்கள். கச்சிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற பாட்டியாக்கள், கோஜாக்கள், போராக்கள் கிராம்புத் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள். அத்தீவின் சுங்கக் குத்தகையே ஜெய்ராம் சிவ்ஜியின் நிறுவனத்திடம் இருந்தது. பிரிட்டிஷ் வணிகத்துக்கும் செல்வாக்குக்கும் தூணாக நின்றவர்கள் அவர்களே. அவர்களை அழைத்து, நீங்கள் பிரிட்டிஷ் அரசின் குடிகள், நீங்கள் அடிமை வைத்திருப்பது குற்றம் என்று சொல்லி, ஏறக்குறைய 8,000 பேருக்கு ரிக்பி விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். வணிகர்கள் கொதித்தார்கள், மேலதிகாரிகள் மகிழவில்லை. இதை ஏணி என்று மட்டும் சொல்லிவிட முடியுமா?

1873-ஐயும் மறக்கலாகாது. சர் பார்ட்டில் ஃப்ரேரின் தூதுக்குழு ஏப்ரலில் அடிமை வணிகத்தைத் தடுக்கும் உடன்படிக்கைக்கு மஸ்கட்டின் சுல்தான் துர்க்கியிடம் ஒப்பம் பெற்றது. ஸன்ஸிபாரின் சுல்தான் பர்கஷ் மறுத்துவிட, கடற்படை முற்றுகை அச்சுறுத்தலுடன் அங்கிருந்த பிரிட்டிஷ் கான்ஸல் ஜான் கிர்க் ஜூனில் அவரையும் இணங்கவைத்தார். ஸன்ஸிபாரின் அடிமைச் சந்தை மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்றைய ஆங்கிலிகன் பேராலயம் நிற்கிறது.

வழிப்போக்கன்:

ரிக்பியை மறுக்கவில்லை. ஆனால் கடற்படையினருக்கு மீட்கப்பட்ட ஒவ்வோர் அடிமைக்கும் 5 பவுண்டு வீதம் பரிசுப் பணம் உண்டு என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அடிமை இல்லாத கலமாயினும், அடிமை வணிகத்துக்குரியது என்று முடிவானால் டன் கணக்கில் பணம். கலத்தை நெடுந்தொலைவு இழுத்துச் சென்று நீதிமன்றத்தில் நிறுத்துவது சிரமம் என்பதால் இருந்த இடத்திலேயே கொளுத்திவிட்டு, அளவை மட்டும் குறித்துக்கொண்டு போவார்கள். பெரிய தண்ணீர்த் தொட்டியும் கூடுதல் அரிசியும் இருந்தால் அதுவே சான்று. மாலுமிகளில் இருவர் கறுப்பராக இருந்தால் அது இன்னொரு சான்று. நேர்மையான வணிகர்களின் கலங்களும் எரிகின்றன என்று ஸன்ஸிபாரில் இருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரிகளே 1860-களில் புகார் எழுதினார்கள்.

பழஞ்சுவடி:

உண்மைதான். அந்தப் பரிசுப் பணம் நெறிமுறையைக் கெடுத்தது என்பதில் எனக்கும் ஐயமில்லை. மாலுமிகளில் அடிமைகளும் இருந்தார்கள் என்பதும் சிக்கலைக் கூட்டியது: கூலிக்குப் பாய் இழுக்கும் அடிமை ஒருவரும், விற்பனைக்குச் செல்லும் அடிமை ஒருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆங்கிலேய லெஃப்டினென்டுக்கு அரபியும் தெரியாது, ஸ்வாஹிலியும் தெரியாது.

மேலைக்காற்று:

இருவரும் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலேயே நின்றுவிட்டீர்கள். வளைகுடா வாயிலுக்கு வாருங்கள். எனக்கு இதில் மிகவும் சுவையான இடம் ஓமனின் ஸூர் துறைமுகம்.

தென்மேற்குப் பருவக்காற்றின் முதற்பகுதியில் ஸன்ஸிபாரிலிருந்து பாய் விரித்தால் ராஸ் அல் ஹத் முனைக்கு அருகிலுள்ள ஸூருக்குச் சில வாரங்களில் வந்துவிடலாம். அங்கிருந்து பாத்தினாக் கரையின் பேரீச்சந் தோட்டங்களுக்கும், முத்துக்குளிக்கும் ஊர்களுக்கும், பேரீச்சை அறுவடைக் காலத்தில் பஸ்ராவுக்கும் அடிமைகள் போவார்கள். பிரிட்டிஷ் கப்பல்களின் சோதனை இறுகியதும் ஸூரின் நகுதாக்கள் ஒரு வழி கண்டார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தீவுகளிலோ துறைகளிலோ பதிவுச் சீட்டுப் பெற்று, பிரெஞ்சு மூவண்ணக் கொடியை ஏற்றிக்கொண்டார்கள். தன் கொடி பறக்கும் கலத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஏறுவதைப் பிரான்ஸ் ஏற்பதில்லை. அடிமை வணிகத்தை ஒழிக்கக் கூடிய 1890-இன் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டிலும் அந்த நிலையை அது கைவிடவில்லை. ஆக, மஸ்கட் சுல்தானின் குடி, மஸ்கட் கடலில், பிரெஞ்சுக் கொடியுடன், பிரிட்டிஷ் கப்பலுக்கு முன்னால் கையசைத்துச் செல்லலாம்.

இந்தக் கொடி பற்றிய பிரிட்டன்–பிரான்ஸ் வழக்கு ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1905 ஆகஸ்டு 8-இல் தீர்ப்பு. 1892 ஜனவரி 2-க்கு முன் யாருக்கு வேண்டுமானாலும் கொடி தரப் பிரான்ஸுக்கு உரிமை இருந்தது. அதன் பிறகு, 1863-க்கு முன்பே பிரான்ஸின் பாதுகாப்பில் இருந்ததாக நிறுவுவோருக்கு மட்டுமே தரலாம். பெற்ற கொடி உரிமையை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ஸூரின் மாலுமிகள் ஐரோப்பியச் சட்ட நூல்களைப் படித்தவர்கள் அல்லர். ஆனால் இரண்டு வல்லரசுகளுக்கு இடையில் எத்தனை அங்குலம் இடைவெளி இருக்கிறது என்பதை அளந்து வைத்திருந்தார்கள்.

காயல்வாசி:

நான் பன்னிரண்டு ஆண்டுகள் தோஹாவில் பணியாற்றியவன். முஷைரிபில் 2015-இல் திறக்கப்பட்ட பின் ஜெல்மூத் இல்லம் என்னும் அருங்காட்சியகத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் போயிருந்தேன். ஒரு காலத்தில் அடிமை வணிகருக்குச் சொந்தமான வீடு அது. இன்று அடிமை முறையின் வரலாற்றைச் சொல்கிறது. வளைகுடாவில் இப்படி ஒரு வீட்டைத் திறந்து வைக்க மனம் வேண்டும். வெளியே வந்து நிழலில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அதன் பிறகுதான் பூஷஹர் ரெசிடென்ஸியின் பழைய கோப்புகளைப் படிக்கத் தொடங்கினேன். இப்போது அவை இணையத்தில் கிடைக்கின்றன.

தாங்கள் அனைவரும் கப்பலைப் பற்றிப் பேசுகிறீர்கள். கோப்புகளில் கப்பல் குறைவு. மனிதர்கள் நடந்து வருகிறார்கள். 1900-களின் தொடக்கத்திலிருந்து 1940-கள் வரை நூற்றுக்கணக்கான வாக்குமூலங்கள் உள்ளன. பூஷஹர், மஸ்கட், பஹ்ரைன், ஷார்ஜா என்று எங்கெல்லாம் பிரிட்டிஷ் கொடி பறந்ததோ அங்கெல்லாம் ஓடி வந்தவர்கள் சொன்னவை. ஏறக்குறைய எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. பெயர். வயது, எப்போதும் 'சுமார்' என்ற சொல்லுடன். பிறந்த ஊர். எப்படிப் பிடிக்கப்பட்டார், யார் யாருக்கு விற்றார், எந்த ஊரில் எத்தனை ஆண்டு இருந்தார். இப்போதைய எஜமானர் யார். ஏன் ஓடி வந்தார். கடைசியில் விடுதலைச் சான்று வேண்டும் என்ற ஒரு வரி, அதன் கீழே கட்டைவிரல் ரேகை. முழு வாழ்க்கையும் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும்.

அவர்களில் பலர் ஆப்பிரிக்கர்கள்; 1920-களுக்கு வரும்போது மக்ரான் கரையின் பலூச்சிகளும் மிகுதி. ஆப்பிரிக்கக் கடல்வழி அடைபட்ட பின், வளைகுடா வாயிலின் எதிர்க்கரையிலிருந்தே ஆட்களைக் கடத்தி ஓர் இரவில் பாத்தினாவுக்குக் கொண்டுவந்தார்கள். கோடு போட்டவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வணிகம் முதுகுப்பக்கமாக வந்துவிட்டது.

ஏன் ஓடி வந்தீர் என்ற கேள்விக்கான விடையில் மீண்டும் மீண்டும் வரும் சொல் முத்துக்குளிப்பு.

முத்துக்குளிப்புப் பற்றி நம் மன்னார்க் கரைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மூக்கைக் கவ்வும் கவ்வி, காலில் கல், இடுப்பில் கூடை, மேலே கயிறு பிடித்து இழுப்பவர். ஏழெட்டுப் பாகம் ஆழத்துக்கு ஒரு நாளில் பல பத்து முறை இறங்க வேண்டும். நம்மிடம் சம்மாட்டி, அங்கே நகுதா. ஆனால் வளைகுடாவின் பெரும்பருவம் கோடை முழுவதும் நீளும், ஏறக்குறைய நான்கு மாதம் கடலிலேயே வாசம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அத்தொழிலில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்ததாகப் பிரிட்டிஷ் அதிகாரிகளே கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் கடன்பட்ட சுதந்திரர்களும் உண்டு, அடிமைகளும் உண்டு. பருவ முடிவில் முத்து விற்றுப் பங்கு பிரிக்கும்போது, அடிமையின் பங்கு எஜமானர் கைக்குப் போகும்.

என் கேள்வி இதுதான். பிரிட்டிஷ் அதிகாரிகளின் அதிகாரம் கடல்மீது மட்டும் என்று மேலைக்காற்று அவர்கள் எழுதினார்கள். முத்துப் படகு கடலில்தானே இருக்கிறது? நான்கு மாதம் நடுக்கடலில், போர்க்கப்பல் கண்ணுக்கெட்டும் தொலைவில், அடிமைகள் நிறைந்த ஆயிரக்கணக்கான படகுகள். ஏன் யாரும் ஏறவில்லை?

நெய்தல்:

காயல்வாசி அவர்களே, நான் இழையைத் தொடங்கியபோது கேட்கத் தெரியாமல் விட்ட கேள்வி இது. இரண்டு நாள் தேடியதில் விடை கிடைத்தது என்று நினைக்கிறேன்.

1875 ஜூலை 31-இல் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை ஒரு சுற்றறிக்கை விடுத்தது. தப்பி வந்த அடிமைகள் குறித்த சுற்றறிக்கை என்று அதற்குப் பெயர். பிற நாட்டின் கடல் எல்லைக்குள் கப்பல் நிற்கும்போது தப்பி வரும் அடிமையை, உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய, ஏற்கக் கூடாது என்றது. ஆழ்கடலில் ஏற்றுக்கொண்டவராயினும், கப்பல் அந்த நாட்டின் எல்லைக்குள் திரும்பினால் ஒப்படைக்கப்பட நேரலாம் என்றது. இதற்கு அது எடுத்துக்காட்டிய ஊகம்தான் தங்கள் கேள்விக்கு விடை. வளைகுடா முத்துப் படகுகளில் உள்ள அடிமைகள் அனைவரும் பிரிட்டிஷ் கப்பல்களில் தஞ்சம் புகுந்து விடுதலை பெற்றுவிட்டால், எஜமானர்கள் அடியோடு அழிந்துபோவார்கள், அதனால் பிறக்கும் அவநம்பிக்கையும் வெறுப்பும் பிரிட்டிஷ் நலன்களுக்குப் பெருந்தீங்கு செய்யும் என்ற பொருளில் எழுதியிருக்கிறார்கள்.

அதாவது அவர்களும் அந்தப் படகைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டுக் கரையில் சேர்த்துவிட்டார்கள். அரபு நகுதா ஒருவன் ஸன்ஸிபாரிலிருந்து பத்துப் பேரை ஏற்றி வந்தால் அது கடல்; அதே பத்துப் பேரை மறு கோடையில் முத்துக்குளிக்க ஏற்றிச் சென்றால் அது வீடு. முன்னது வணிகம், பின்னது உள்நாட்டு வழக்கம். தண்ணீர் ஒன்றுதான்.

பழஞ்சுவடி:

சுற்றறிக்கையின் பின்கதையையும் சேர்க்க வேண்டும். இங்கிலாந்தில் அது வெளியானதும் செய்தித்தாள்களும் பொதுக்கூட்டங்களும் கொந்தளித்தன. பிரிட்டிஷ் கப்பலின் தளத்தில் கால் வைத்தவன் சுதந்திரன் என்ற நம்பிக்கை அங்கே வேரூன்றி இருந்தது. டிஸ்ரேலி அரசாங்கம் அதைத் திரும்பப் பெற்று வேறொன்றை எழுதியது, அதுவும் நிற்கவில்லை. 1876-இல் அரச ஆணையம் அமைத்து, புதிய அறிவுறுத்தல்களில் மனிதநேயத்தைக் கருதி முடிவெடுக்கும் பொறுப்பைக் கேப்டனிடமே விட்டார்கள். ஆக, வளைகுடாவில் மறைவாக நடந்த ஒன்றை லண்டன் அறிந்தபோது ஏற்கவில்லை.

அதிகாரிகளின் தயக்கத்துக்கும் ஒரு காரணம் சொல்கிறேன். அவர்களை நியாயப்படுத்துவதற்காக அல்ல, விளங்கிக்கொள்வதற்காக. பூஷஹரில் ஒரு ரெசிடெண்ட், இரண்டு உதவியாளர்கள், சில கப்பல்கள். 1853-இன் நிரந்தரக் கடல் அமைதி உடன்பாடு நின்றதே ஷேக்குகள் அதை விரும்பியதால்தான். முத்தில்லாமல் ஷேக்குகளுக்கு வருவாய் இல்லை. அவர்கள் படகில் கை வைத்தால் அமைதியும் போகும், அடுத்த வாரம் வரும் தகவலும் நின்றுபோகும்.

வழிப்போக்கன்:

விளங்குகிறது. அந்த முத்துகள் பம்பாய் வழியாகத்தான் பாரிஸுக்கும் லண்டனுக்கும் போயின என்பதையும் சேர்த்து விளங்கிக்கொள்கிறேன்.

இந்திய அதிகாரிகளுக்கு இது பழகிய முறையும் கூட. இந்தியாவின் 1843-ஆம் ஆண்டு ஐந்தாம் சட்டம் அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்று மட்டும் சொன்னது. தஞ்சாவூர் வயல்களில் பண்ணையாளாகப் பிறந்தவர் மறுநாளும் பண்ணையாளாகவே விழித்தார். எஜமானரின் கையைத் தட்டாமல் தன் கையை மட்டும் கழுவிக்கொள்ளும் சட்டம். அதை எழுதிய அரசாங்கத்தின் அலுவலர்கள்தான் பூஷஹருக்கும் போனார்கள்.

இன்னொன்று: மீட்கப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? திரும்ப ஊருக்குப் போனவர்கள் மிகக் குறைவு. பம்பாயில் இறக்கி, காவல்துறையிடம் ஒப்படைத்து, வீடுகளிலும் மிஷன்களிலும் சேர்த்தார்கள். நாசிக்குக்கு அருகே ஷரண்பூரில் ஆப்பிரிக்கச் சிறுவர்களுக்கென்றே ஒரு காப்பகம் இருந்தது. ஆப்பிரிக்கப் பயணி லிவிங்ஸ்டனின் உடலோடு இங்கிலாந்து வரை சென்ற ஜேக்கப் வெயின்ரைட் அங்கே படித்தவர். சீஷெல்ஸ் தீவுகளில் இறக்கப்பட்டவர்கள் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளானார்கள். சியரா லியோனில் தாம்ப்சன் எதிர்த்த அதே ஏற்பாடு, அறுபது ஆண்டு கழித்து, வேறோர் இடத்தில்.

காயல்வாசி:

நெய்தல் அவர்களின் தேடலுக்கு நன்றி. கரையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

மஸ்கட்டில் பிரிட்டிஷ் கான்ஸலேட்டின் முற்றத்தில் ஒரு கொடிமரம் இருந்தது. தப்பி வந்த அடிமை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டால் விடுதலை கேட்கிறார் என்று பொருள். இது எந்த உடன்படிக்கையிலும் எழுதப்படவில்லை, வழக்கமாக நிலைத்துவிட்டது. பாத்தினாவிலிருந்து பாலைவழியே பல நாள் நடந்து வந்தவர்களும் உண்டு. எங்கே போக வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும் என்பது தோட்டங்களில் வாய்வழியாகவே பரவியிருக்கிறது.

பிடித்த பிறகு கேள்விகள். 1873 உடன்படிக்கையின்படி அதன் பின்னர் மஸ்கட் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டவர்கள் அனைவரும் சுதந்திரர்கள். ஆகவே 'எந்த ஆண்டு வந்தீர்?' என்பதே உயிர்க்கேள்வி. ஆண்டுக் கணக்கு அறியாத மனிதரிடம் கேட்கிறார்கள். அவர் இன்னாருடைய மகன் பிறந்த பருவம், இன்ன ஷேக்கு இறந்த கோடை என்று சொல்வார்; எழுத்தர் அதை ஆண்டாக்குவார். வீட்டிலேயே பிறந்த அடிமைக்கு, முவல்லது என்பார்கள், இந்த வழி இல்லை. எஜமானரின் கொடுமையை மெய்ப்பிக்க வேண்டும். கடனைத் தீர்க்காமல் ஓடிவந்த முத்துக்குளிப்பவர் என்று எஜமானர் சொன்னால் வழக்கு இன்னும் சிக்கலாகும். ஷார்ஜாவில் வந்தவரின் வாக்குமூலத்தை முகவர் பூஷஹருக்கு அனுப்புவார். ரெசிடெண்ட் ஒப்பமிட்டுச் சான்று திரும்பும். இன்ன பெயருடையவர் விடுதலை பெற்றவர், அவருடைய சுதந்திரத்தில் எவரும் தலையிட உரிமையில்லை என்று நான்கு வரி. அதைச் சட்டையில் மடித்து வைத்துக்கொண்டு அதே ஊரில் அதே நகுதாவிடம் கூலிக்குச் சேர்ந்தவர்கள் பலர். வேறு தொழில் அங்கே ஏது?

கரையையும் கடலையும் ஒன்றாக்கியது ரெசிடெண்ட் அல்லர். 1929-இன் பொருளாதார வீழ்ச்சியும், ஜப்பானில் மிகிமோட்டோ வளர்த்த முத்தும்தான். முத்துக்கு விலை இல்லாமற்போனதும் படகுகள் மணலில் ஏறின. அடிமைக்குச் சோறிடுவது எஜமானருக்குச் சுமையாயிற்று. பிறகு எண்ணெய் வந்தது. கத்தாரில் எண்ணெய் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அடிமைகளின் சம்பளத்தில் பெரும்பகுதியை எஜமானர் வாங்கிக்கொண்டது 1950 வரையிலும் நடந்திருக்கிறது. 1952-இல் ஷேக் அலி ஒழிப்பை அறிவித்தபோது இழப்பீடு கொடுக்கப்பட்டது. எஜமானர்களுக்கு.

மேலைக்காற்று:

பஹ்ரைன் 1937, குவைத் 1949 என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். போர்நிறுத்தக் கரையில் 1951-இல் பிரிட்டிஷார் அமைத்த உள்ளூர்ப் படையின் பணிகளில் ஒன்று புரைமி என்னும் பாலைவனச் சோலை வழியாக ஸவூதிக்கு ஆட்களைக் கடத்துவதைத் தடுப்பது. 1820-இல் கடலில் தொடங்கிய வேலைக்கு 131 ஆண்டுகள் கழித்துத் தரையில் ஆள் போட்டார்கள்.

நெய்தல்:

என் முதல் இடுகையில் ஒரு திருத்தம். 143 ஆண்டுகள் என்று எழுதினேன். ஓமனைச் சேர்த்தால் 150. 1970 ஜூலையில் காபூஸ் தந்தையை அகற்றி ஆட்சியேறிய பின்னரே அங்கே அடிமை முறை ஒழிந்தது. அதுவரை சலாலா அரண்மனையில் சுல்தான் ஸயீத் பின் தைமூருக்கு அடிமைகள் இருந்தார்கள். அவருடைய படையை நடத்தியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள்.